நோவாவின் தண்ணீர் வடியும்வரை

டிசம்பர் 11

எழுத்து கோணலாக இருக்கிறது. வரிகள் வரப்பு மாதிரி வளைகின்றன. மன்னிக்கவும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? படிக்கப்போவதும் நான்தானே. எழுபத்தொரு வயதில் என் பெயரை நானே எழுதிவிட்டேன் – சவரிநாதன். மண்வெட்டி பிடித்ததைவிட விரல் வலிக்கிறது. நல்ல வலி.

டிசம்பர் 13

பெண்ணையாற்றுத் தண்ணீர் வயலைவிட்டு வடிந்துவிட்டது. கதிர் விட்ட சம்பா முழுக்க அழுகல். தப்பித்தது பரணில் இருக்கும் விதைநெல் மூட்டை மட்டும். வெள்ளம் வந்த அன்று என் வீட்டுக்காரி லில்லி தன் புடவைகளைக்கூட எடுக்கவில்லை, அதைத்தான் முதலில் மேலே ஏற்றினாள். இப்போது நவரைப் பட்டத்துக்கு நாற்று விட அதை இறக்கு என்றால் மாட்டேன் என்கிறாள்.

"மறுபடியும் ஆத்துக்குக் குடுக்கவா? குத்திக் கஞ்சி காச்சிக் குடிக்கலாம்."

இனி பெருவெள்ளம் வராது என்று பைபிளில் நோவாவுக்கு ஆண்டவர் கொடுத்த வாக்கை நினைவுபடுத்தினேன்.

"சாமியார் வாயால கேட்டாச்சு, உபதேசியார் வாயால கேட்டாச்சு. வெள்ளம் வந்துச்சா இல்லியா? நீதான் படிச்ச ஆளாயிட்டியேய்யா. மொதல்லேர்ந்து நீயே எழுத்துக் கூட்டிப் படி. நடுவுல ஒண்ணும் வுடக்கூடாது. அந்த வாக்கு என் காதுல வுழட்டும், அப்புறம் மூட்டையப் பாக்கலாம்."

டிசம்பர் 16

தினம் கொஞ்சம் வாசித்துக் காட்டுகிறேன். நோவாவின் கப்பலான பேழைக்குள் மிருகங்கள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கின்றன. யானை ஏறிவிட்டதா என்று கேட்டாள். யானை என்று தனியாகப் போடவில்லை என்றேன்.

டிசம்பர் 19

மழை தொடங்கிவிட்டது. புத்தகத்தில்தான்.

டிசம்பர் 22, ஞாயிறு

பூசை முடிந்ததும், எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த மரிய சுகந்தி டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். "ரெண்டு பக்கம் தள்ளிப் படிங்க பெரியப்பா, ஆண்டவர் வாக்கு குடுக்குற வானவில்லு வந்துடும்" என்றது. தள்ளலாம். லில்லிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் வெள்ளத்தின்போது பள்ளிக்கூட மாடியில் தண்ணீர் வடியக் காத்துக் கிடந்தோமே, அப்போது எந்தப் பக்கத்தைத் தள்ளினோம்? தள்ளவில்லை.

டிசம்பர் 24

பக்கத்து நிலத்துத் தணிகைவேல் நாற்று விட்டுவிட்டார். எங்கள் வாசிப்புக் கதை அவர் காதுக்கும் போயிருக்கிறது. வரப்பிலிருந்து கூவினார்.

"யோவ் சவரி, உன் கப்பலு கரை சேந்துதா?"

"மலை உசரத்துக்குத் தண்ணி கீதுபா."

"தை பொறந்தா நாத்து வுட முடியாதுய்யா. நோவாவ சீக்கிரம் எறங்கச் சொல்லு."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிலத்தில் ஈரம் காய்ந்துகொண்டே போகிறது – புத்தகத்துத் தண்ணி எப்ப வடியும் சாமி? இந்த வருசம் தரிசாப் போட்டுட்டா அப்புறம் அவ நெலத்துல கால் வைக்கவே மாட்டாளே.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். தரை தெரிகிறதா என்று பார்க்க நோவா விட்ட புறா கால் வைக்க இடமில்லாமல் திரும்பி வந்துவிட்டது. கேக் சாப்பிட்டோம்.

டிசம்பர் 29, ஞாயிறு

லில்லி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். நோவா வெளியே வந்து பலி கொடுக்கிறார். ஆண்டவர் தமக்குள் சொல்லிக்கொள்கிறார்: பூமி இருக்கும் மட்டும் விதைப்பும் அறுப்பும் நிற்காது. சின்ன வயதிலிருந்து காதில் விழுந்தது, இன்று என் விரலுக்கடியில்.

"வெதைக்கிறது நிக்காதுன்னா போட்டுக்கீது?"

"ஆமாம்."

"வெள்ளம் வராதுன்னு?"

"அது அடுத்த பக்கம்."

"அதுல நம்ம நெலத்துக்கு வராதுன்னு இருக்குமா?"

இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள்.

"இருக்காது புள்ள. உலகத்தையே அழிக்கிற வெள்ளம் இனி வராதுன்னுதான் கேட்டுக்கீறேன். நம்ம நெலத்தப் பத்தி ஒண்ணுமில்ல."

மிச்ச மீனையும் ஆய்ந்து முடித்தாள். பிறகு கை கழுவிவிட்டு வந்தாள்.

"நிக்காதுன்னு அவரு சொல்லிட்டு, நம்ம நிறுத்தினா நல்லாவா இருக்கும்? ஏணியப் புடி."

டிசம்பர் 31

ஊறின நெல்லைச் சாக்கில் கட்டி முளைக்க வைத்திருக்கிறோம். மேலே வைக்கோல் போட்டது அவள், சிலுவை போட்டது நான். நாளை புத்தாண்டுப் பூசை முடிந்ததும் நாற்றங்காலில் தெளிக்க வேண்டும். அடுத்த வாரம் பச்சை தெரியும். தெரிந்தால் வந்து எழுதுவேன். தெரியாவிட்டாலும் எழுதுவேன். வானவில் பக்கம் வேறு பாக்கி இருக்கிறது.