இன்றைக்கு மட்டும் நாற்காலி வேண்டாம்

அப்பா,

என் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவும் டிரஸ்டிலிருந்து அந்த சார் பதினோரு மணிக்கு மறுபடியும் வருகிறார். கெஞ்சிக் கூத்தாடித்தான் வரச் சொல்லியிருக்கிறேன். இனிமேல் வரமாட்டார். இதுவும் போனால் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள்.

போன தடவை, "வருமானம் குடும்பத்துக்குப் போதுமா?" என்று கேட்டார். நீங்கள், "ஒரு குறையும் இல்லைங்க, இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்" என்றீர்கள். காளீஸ்வரி அத்தை வீட்டிலிருந்து இரவல் வாங்கிய நாற்காலியில் உட்கார்ந்து, அத்தை வீட்டுப் பாலில் போட்ட காபியைக் குடித்துவிட்டு, 'வசதியான குடும்பம்' என்று எழுதிக்கொண்டு போனார். அவர் மேல் தப்பே இல்லை.

இன்றைக்குப் பாய் போதும். உங்கள் இஸ்திரிச் சட்டையை ஒளித்து வைத்துவிட்டேன். பணியார மாவை அத்தையிடம் கொடுத்து வைத்துவிட்டேன், நீங்கள் கேட்டாலும் தரமாட்டார். ஜவுளிக்கடைச் சம்பளம் இருபதாம் தேதியைத் தாண்டுவதில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

"வீடு தேடி வந்தவுககிட்ட பஞ்சப்பாட்டு பாடச் சொல்றியாடா?" என்று ராத்திரி கேட்டீர்கள். நான் கத்தியது தப்புதான். ஆனாலும் பாடுங்கள் அப்பா, ஒரே ஒரு தடவை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. வீட்டில் இருந்தால் மறுபடி சண்டை வரும் என்றுதான் விடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

இப்படிக்கு,
வசதியான வீட்டுப் பையன்,
தேவா

பி.கு.: செக்காலையிலிருந்து வெயிலில் வருகிற மனுஷனை வெறும் தண்ணீரோடு அனுப்ப எனக்கே மனசு வரவில்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் முறுக்கு வைத்திருக்கிறேன். அவர் எழுதி முடித்து, பேனாவை மூடிய பிறகு கொடுங்கள்.