கண்ணாடியில் வைத்த கை

மன்னித்துக்கொள். நீ இருந்தவரை உனக்கு நான் நாலு வரி சேர்ந்தாற்போல் எழுதியதில்லை. நீ வரிசையாகக் குரல்செய்தி அனுப்புவாய். எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புவேன். "உனக்கு டைப் பண்ணவும் வெக்கமாடி?" என்று கேட்பாய். அப்போது எழுதாதவள் இப்போது எழுதுகிறேன்.

பிளானோவில் டோல்வே நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு காலி ஆபீஸ். சற்று முன் அதன் கதவைத் திறந்தேன். பழைய கார்ப்பெட், நிறுத்தி வைத்த ஏசி, சுவரில் ஊறிப்போன காபி எல்லாம் கலந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. உனக்குத் தெரியாத வாசனையா அது? கதவை உடனே சாத்திவிட்டுக் காருக்குத் திரும்பிவிட்டேன். சாவி மடியில் கிடக்கிறது. இதை எழுதி முடிக்கும்வரை அது அங்கேயே கிடக்கட்டும்.

வாரத்தில் நான்கு நாள் வேலை, வெள்ளிக்கிழமை கல்லூரி என்றிருந்த பயிற்சியில் நாம் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். கடைகளையும் ஆபீஸ்களையும் அளந்து, கூரையும் சுவரும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து, என்ன விலைக்குப் போகும் என்று சொல்லும் வேலை. சம்பளமும் கொடுத்துப் பட்டமும் தருவார்கள் என்றதும் என் அப்பா நம்பவில்லை. இந்தியக் கடைத்தெருவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் நிற்பவர் அவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "கட்டடத்த அளக்கறதுக்கு டிகிரியாம்மா? நல்லா விசாரிச்சியா?" என்று கேட்டார். உன் வீட்டில் கதை வேறு. அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரும் சாஃப்ட்வேர். "எங்க வீட்ல கோடிங் பண்ணாத ஒரே ஜீவன் நான்தான். எங்கம்மா ஆன்ட்டிங்ககிட்ட நான் ரியல் எஸ்டேட் அனலிட்டிக்ஸ் பண்றேன்னு சொல்லிட்டிருக்காங்க" என்று ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தாய்.

காலிக் கட்டடத்துக்குள் நுழையும்முன் உரக்கக் குரல் கொடுக்க வேண்டும் என்பது நம் வேலையில் ஒரு விதி. உள்ளே துப்புரவுக்காரர் இருக்கலாம், போக இடமில்லாத யாராவது தூங்கிக்கொண்டிருக்கலாம். அவர்கள் திடுக்கிடக் கூடாது. குரல் கொடுத்துவிட்டு, பதில் இல்லை என்று உறுதியானபின்தான் காலடி வைக்க வேண்டும். வகுப்பில் பெயர் கூப்பிட்டாலே தலை குனிகிற எனக்கு இது பெரிய தண்டனை. முதல் முறை வாசலில் நின்று, "ஹலோ... சர்வேயர்ஸ்..." என்று எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். இருட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது: "உள்ள வாம்மா, காபி ஆறிடப் போவுது!"

நான் போட்ட கூச்சலில் பக்கத்துப் பல் மருத்துவமனைப் பெண் ஓடி வந்துவிட்டாள். பின்வாசல் வழியாக நீ புகுந்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது. "பாத்தியா, உனக்கும் வாய்ஸ் இருக்கு" என்றாய் சாவதானமாக. அதன்பின் அது நம் வழக்கமாகிவிட்டது. நீ பின்பக்கமாகச் சுற்றிப் பார்த்து உள்ளே போய்விடுவாய். நான் முன்வாசலில் நின்று கூப்பிடுவேன். காபி ஆறிக்கொண்டிருப்பதாகப் பதில் வரும். என் குரல் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானது.

அந்த ஆபீஸ்களில் நாம் நடந்தது இப்போது நீருக்குள் நடந்ததுபோல் இருக்கிறது. மேசைகளை எடுத்துப் போனபின் கார்ப்பெட்டில் அவற்றின் கால்தடங்கள் மட்டும் நிற்கும். ஜன்னல் வெயில் சதுரம் சதுரமாகக் கிடக்கும். நீ ஒரு சதுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டிக்கொண்டே, "இங்க உக்காந்திருந்தவ லஞ்ச் டயத்துல அழுவா. அதோ அந்த மூலைக்காரன் அவளுக்கு டிஷ்யூ குடுப்பான், ஆனா பேச மாட்டான். உன்ன மாதிரி" என்று கதை சொல்வாய். வரைபடத்தில் குறிக்க வேண்டிய தூணை மறந்துவிட்டு நான் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

கண்ணாடி அறைகள் இருந்த அந்தக் கட்டடம் நினைவிருக்கிறதா? லேசர் கருவியால் ஒவ்வோர் அறையாக அளந்துகொண்டு வந்தோம். உள்ளே அளந்ததைக் கூட்டிப் பார்த்தால் வெளியே அளந்ததைவிடப் பெரிதாக வந்தது. மறுபடி கூட்டினோம், அப்போதும் அப்படித்தான். நீ தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "வெளிய சின்னதா இருக்கு, உள்ள பெருசா இருக்குடி. நம்ம ரெண்டு பேர்ல இந்த பில்டிங் நீதான்" என்றாய். லேசர் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு போய் அடுத்த அறையின் சுவரைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறது என்று ஆபீஸுக்குப் போனபின்தான் புரிந்தது. மறுநாள் திரும்பப் போனோம். நீ கண்ணாடியில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றாய். நான் எதிர்ச் சுவரிலிருந்து கருவியை அழுத்தினேன். மருதாணிப் பொட்டு வைத்ததுபோல் சிவப்புப் புள்ளி உன் கையில் வந்து நின்றது. அளவு சரியாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை, தலை வலிக்கிறது என்று சீக்கிரம் கிளம்பினாய். "நாளைக்குக் கிளாஸ்ல நோட்ஸ் எடுத்து வை. அழகா எழுது, உன் கையெழுத்து எறும்பு மாதிரி இருக்கு" என்றாய். நான் நோட்ஸ் எடுத்தேன். சனிக்கிழமை மருத்துவமனையிலிருந்து உன் அண்ணன் கூப்பிட்டார். தலைக்குள் ரத்தம் கசிந்துவிட்டதாம், விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். அதனாலோ என்னவோ, வெகுநேரம் அது யாருக்கோ நடந்ததுபோல் இருந்தது.

பயிற்சியில் எனக்கு மீதம் இருப்பது ஒரே வேலைதான். ஒரு கட்டடத்தைத் தனியாக அளந்து, அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்காக வேறு கட்டடங்களுக்கும் போனேன். வாசல்வரை போவேன், கதவைத் திறப்பேன், கூப்பிட வாய் வராது. மேலாளர் நல்லவர், கோபிக்கவில்லை. இன்றும் முடியாவிட்டால் வேண்டாம், உன்னை ஆபீஸுக்குள் வேறு பிரிவுக்கு மாற்றிவிடுகிறேன் என்று மெதுவாகச் சொன்னார். மாறினால் சம்பளம் வரும். இந்தப் பட்டம் வராது. அப்பா இதற்குள் ஹோட்டலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். காலையில் டிபன் டப்பாவைக் கையில் கொடுத்து, "போய்ட்டு வாம்மா சர்வேயர்" என்றார்.

இருட்டுக்கோ, உள்ளே யாராவது இருப்பார்களோ என்றோ எனக்குப் பயமில்லை. கூப்பிட்டுவிட்டு, விதிப்படி காத்து நிற்க வேண்டும் அல்லவா? அந்தக் கொஞ்ச நேரம்தான். அந்த நேரம் முழுவதும் என் காது உன்னைத் தேடுகிறது.

என் பையில் பெரிய மஞ்சள் ஒட்டுத்தாள்கள் வைத்திருக்கிறேன். கண்ணாடியில் ஒட்டினால் லேசர் அதில் நின்றுவிடும், தனி ஆளாக அளக்கலாம். நேற்று வீட்டில் அதில் ஒரு தாளின்மேல் என் கையை வைத்துச் சுற்றிக் கோடு வரைந்தேன். விரல்கள் உன்னுடையவை போல் நீளமாக இல்லை. ஆனாலும் புள்ளி விழ இடம் போதும். அளவும் சரியாகத்தான் வரும்.

வெயில் கதவுக்கு வந்துவிட்டது. உள்ளே கார்ப்பெட்டில் இந்நேரம் சதுரங்கள் விழுந்திருக்கும். நான் இறங்கப் போகிறேன். நீ பழக்கிய குரலில், பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கூப்பிடப் போகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். கூப்பிடும்போது பதில் சொல்லிவிடாதே. சொன்னால் நான் அளக்க மாட்டேன். அந்த வெயிலில் உட்கார்ந்து உன்னோடு பேசிக்கொண்டே இருந்துவிடுவேன்.