சங்கரா மீனுக்காகக் காத்திருந்த டீச்சர்

அன்புள்ள டீச்சருக்கு,

இன்று காலை என் அக்கா மகள் செல்வியின் சேலையை உதறிக் கொடியில் போட்டேன். அதிலிருந்த சாக்பீஸ் பொடி மூக்கில் ஏறி ஒன்பது தும்மல். எட்டாவது தும்மலுக்கே கோட்டுச்சேரிமேட்டில் கட்டிக்கிடந்த படகெல்லாம் ஆடியதாகக் கேள்வி. ஒன்பதாவதில் நீங்கள் நினைவுக்கு வந்துவிட்டீர்கள். நீங்கள் கண்மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. செல்வி இப்போது திருமலைராயன்பட்டினத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

நீங்களும் அப்படிப் புதிதாகத்தான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வந்தீர்கள். நான் மீன் ஏலம் கூறுகிறவன். என் குரல் கேட்டால் பிடிபடாத மீனும் திரும்பிப் பார்க்கும். உங்களுக்கு முதல் ஆலோசனை சொன்னதும் நான்தான்.

"டீச்சர், நம்ம புள்ளைங்க அலைச்சத்தத்துல பொறந்ததுங்க. கத்துனாத்தான் காதுல ஏறும்."

"அப்படிங்களா அண்ணே? அப்ப வீட்டுலயும் கத்துறீங்க, கரையிலயும் கத்துறீங்க. நானும் கத்துனா அதுங்களுக்கு என்னங்க வித்தியாசம்?" என்று சிரித்தீர்கள். ஐந்தாம் வகுப்பு வரை படித்து, ஆறாம் வகுப்பை வேண்டாமென்று விட்டுக்கொடுத்தவன் நான். எனக்கே பாடம் நடத்திவிட்டீர்கள். நீங்கள் கத்தவே இல்லை. ஒரு பிள்ளையிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அதன் பக்கத்தில் போய், குந்தி உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொல்வீர்கள்.

அப்போது செல்வி சின்னப் பிள்ளை; உங்கள் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதமாகியும் அவள்தான் வாயே திறக்கவில்லை. அவள் அப்பா வெளிநாட்டில், பிள்ளை எங்கள் வீட்டில். தெருவில் அவளுக்கு 'மக்கு' என்று பேரே வைத்துவிட்டார்கள். அக்கா அழுதுகொண்டே சொன்னாள்: "போய்ப் பாருடா. இன்னிக்கும் பேசலன்னா கூட்டிட்டு வந்துடு. அவ படிச்சது போதும்."

அவளைக் கூட்டிப்போகத்தான் அன்று வந்து ஜன்னலோரம் நின்றேன். நீங்கள் பலகையில் பச்சை சாக்பீஸால் ஒரு மீன் வரைந்திருந்தீர்கள். "இது என்ன?" என்றதும் வகுப்பே "மீன்!" என்று கத்தியது. செல்வி மட்டும் பேசவில்லை. அவள் பக்கத்தில் குந்தி, "நீ சொல்லு கண்ணு" என்றீர்கள். அவள் பலகையையே பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. யாராவது பேசாமல் நின்றால் என் வாய்க்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"ஒரு தரம்! ரெண்டு தரம்!"

"மூணு தரம்!" என்று முப்பது பிள்ளைகளும் சேர்ந்து முடித்தார்கள். ஒரே சிரிப்பு. செல்வி மேசைக்கடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

நீங்கள் வெளியே வந்தீர்கள். கோபத்திலும் குரல் உயரவில்லை. "அண்ணே, கரையில மூணு தரத்துல முடிஞ்சிரும். இங்க முடியாது. உள்ள வந்து கீழ உக்காருங்க. வாயத் தொறக்கக் கூடாது."

உட்கார்ந்தேன். என்னை வாய்மூட வைத்த ஒரே ஆள் இந்தக் காரைக்கால் வட்டாரத்திலேயே நீங்கள்தான். மறுபடி அவளிடம் போய் அதே கேள்வியை அதே சொற்களில் கேட்டீர்கள். பிறகு சும்மா இருந்தீர்கள். அவளுக்குப் பதிலாக யாரும் சொல்லிவிடாதபடி மற்றவர்களுக்குக் கையைக் காட்டினீர்கள். அந்த நேரத்தில் ஒரு படகு நாகூர் போய்த் திரும்பியிருக்கும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். உங்களிடம் எதற்குப் பொய்? ஒரு நிமிடம்கூட இருக்காது, செல்வி வாயைத் திறந்தாள்.

"வாயப் பாத்தா சங்கரா மாதிரி இருக்கு டீச்சர். ஆனா சங்கரா செவப்பால்ல இருக்கும்? இது பச்சையா இருக்கே?"

அவளுக்கு மீன் என்று தெரியாமல் இல்லை. எந்த மீன் என்று அத்தனை நேரமும் யோசித்திருக்கிறாள். நாங்கள்தான் யோசிக்க விடவில்லை.

"எங்கிட்ட செவப்பு சாக்பீஸ் இல்லடா" என்று நீங்கள் சொன்னபோது உங்கள் கண் கலங்கியிருந்தது. நான் அவளைக் கூட்டிப்போகாமல் தனியாக வீட்டுக்கு நடந்தேன்.

இன்று சேலையைக் காயப்போட்டுவிட்டு வந்து, "வேலை எப்படிப் போவுது?" என்று செல்வியைக் கேட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒன்றை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

"ஒரு புள்ள பதிலே சொல்ல மாட்டேங்குது மாமா" என்றாள் பிறகு. "நான் அவசரப்பட்டு பக்கத்துப் புள்ளயக் கேட்டுட்டேன். மொதப் புள்ள மூஞ்சி வாடிப்போச்சு. எனக்கு இந்த வேலை சரிப்பட்டு வருமா? விட்டுடலாம்னு தோணுது."

அந்த ஜன்னலோர நாளைச் சொன்னேன். அவளுக்கு அது நினைவே இல்லை. நீங்களும் இல்லாததால், அதை நினைவில் வைத்திருப்பது இனி நான் ஒருவன்தான். ஒரு சொல்கூடச் சேர்க்காமல் சொன்னேன், டீச்சர். கேட்டுவிட்டு அவள் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.