கட்டிலடியில் ஒளித்த வாளி

14 நவம்பர் 2007, புதன்

வீடு பழுதுபார்க்க மானியம் கேட்டு ஆறு மாதம் அலைந்தவள் நான். இன்று அதிகாரி பார்வையிட வந்தார். பெரிய மனிதர் வருகிறாராம்! என் வீட்டுக்காரர் நேற்றே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார், விரிசல் மேல் காலண்டர் மாட்டினார், மழை ஒழுகும் இடத்தில் கட்டிலை இழுத்துப் போட்டு வாளியை அதனடியில் ஒளித்தார். குருசுக்குப்பத்து ஜமீன்தார் என்று நினைப்பு.

"எங்கம்மா ஒழுகுது?" என்று அதிகாரி என்னைத்தான் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் இவர், "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், எங்களுக்கு என்னா கொறச்சல்? காப்பி சாப்புடுங்க" என்றார். அவரும் குடித்துவிட்டு, பழுதில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

இப்போது மழை பிடித்துக்கொண்டது. ஜமீன்தார் அதே கட்டிலில் குறட்டை விடுகிறார். முதல் சொட்டு தலையணையில் விழுந்துவிட்டது. நான் எழுப்பப் போவதில்லை.