அடுப்பு மேல நிக்கிறீங்க

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

வெள்ளத்தில் வீடு போனவர்களுக்கு அரசு கட்டித்தரப்போகும் வீட்டின் வரைபடத்தை நேற்று அவர்களிடம் காட்டினேன். எல்லாருக்கும் ஒரே அச்சு. தையல்காரம்மா ஒருவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. வீடு வரப்போகும் வெறும் மண்ணில் நடந்து, "இது வாசல், மிஷினுக்கு இங்க ஜன்னல்" என்று காட்டிக்கொண்டே வந்தவர், "தம்பி, அடுப்பு மேல நிக்கிறீங்க, தள்ளுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் தள்ளி நின்றேன். ஜன்னலை மாற்றி வரைந்து மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். ஒப்புக்கொள்வார்களா, தெரியாது.

அறைக்கு வந்து நம் வீட்டை வரைந்து பார்த்தேன், பாதியில் நின்றுவிட்டது. சமையலறைக் கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கமா?

வண்டி வந்துவிட்டது. ஒருதரம் திறந்து பார்த்து, மறக்காமல் எழுது.

உன் பெரியவன்