சின்னம்மாள் அக்காவின் முதுகு

ஜூன் 9, 2025, திங்கள்

சின்னம்மாள் அக்கா ரத்தப் பரிசோதனைச் சீட்டை நான் பயிற்சி தரும் ஜிம்முக்கே எடுத்து வந்து நீட்டினார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஒன்பதிலிருந்து ஏழரைக்கு இறங்கியிருக்கிறது.

"டாக்டரே என்ன பண்றன்னு கேட்டாரு பாப்பா. படகு ஓட்டுறேன்னேன். சிரிக்கிறாரு."

செராமிக் கம்பெனியில் பொம்மைகள் அடுக்கிய பலகைகளைச் சுமக்கிறவர். பிப்ரவரியில் வந்தபோது முட்டி வலியில் நடைப்பயிற்சிகூட முடியவில்லை. படகு வலிப்பதுபோல் இழுக்கும் துடுப்பு மெஷினில் உட்கார வைத்தேன். உட்கார்ந்தே செய்வதால் முட்டியில் உடம்பின் பாரம் இறங்காது. ஆனால் கால், இடுப்பு, முதுகு, தோள் எல்லாமே வேலை செய்யும், நெஞ்சுக்கும் நல்லது. முதல் நாள் இரண்டு நிமிடம். இப்போது இருபது. ரயில்வே ஜங்ஷன் மேம்பாலப் படியில் நிற்காமல் ஏறுகிறாராம். படுத்தவுடன் தூக்கம் வருகிறதாம்.

எனக்குப் பெருமை. கொஞ்சம் அதிகமாகவே.

ஜூன் 14, சனி

அக்கா துடுப்பு இழுக்கும் வீடியோவை என் இன்ஸ்டா பக்கத்தில் நாலாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். இன்னொன்று எடுக்க வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

என்ன செய்துவிட்டேன்.

வீடியோவுக்காக மெஷினின் இழுவை அளவை எட்டுக்கு ஏற்றினேன். அக்கா எப்போதும் நாலில்தான் ஓட்டுவார். வேகமாக இழுங்க, பார்க்க நல்லா இருக்கும் என்றேன். மூன்றாவது நிமிடத்தில், "முதுவு புடிக்குது பாப்பா" என்றார்.

நான் போனைப் பார்த்தபடி, "இன்னும் ஒரு நிமிஷம்க்கா, சூப்பரா வருது" என்றேன்.

முதுகு வளைந்துவிட்டது. காலால் தள்ளாமல் இடுப்பால் இழுக்கிறார். பயிற்சி சொல்லித்தருகிற யாருக்கும் பார்த்தவுடன் தெரியும். எனக்கும் தெரிந்தது. தெரிந்தும் நிறுத்தவில்லை.

ஒரே அலறல். எழுந்திருக்க முடியவில்லை. மூன்று பேர் தாங்கி ஆட்டோவில் படுக்க வைத்தோம். அவர் வீட்டுக்காரர் மாரிமுத்து ஓடி வந்தார். "என்னாம்மா ஆச்சி?" என்றார்.

"நான் நிறுத்துங்கன்னு சொன்னேங்க. அவங்கதான் கேக்கல."

யோசித்துச் சொல்லவில்லை — வாயில் வந்துவிட்டது. அக்கா ஆட்டோவுக்குள்தான் இருந்தார். காதில் விழுந்திருக்குமா?

ஜூன் 20, வெள்ளி

ஸ்கேன் எடுத்தார்களாம். முதுகெலும்புத் தட்டு கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது. ஆபரேஷன் வேண்டாம், ஆனால் பலகை தூக்கவே கூடாது. ஆஸ்பத்திரி வாசல் வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

அன்றைய வீடியோவை இன்றுதான் போட்டுப் பார்த்தேன். முதுகு பிடிக்கிறது என்று அக்கா ஒரு தடவைதான் சொன்னார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். இரண்டாவது தடவை நான் பதிலே சொல்லவில்லை.

அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அழிக்க விரல் போனது. அழிக்கவில்லை. யாரிடமும் காட்டவும் இல்லை. இதற்கு என்ன பேர்?

ஜூலை 1, செவ்வாய்

அதே கம்பெனியில் வேலை செய்யும் கவிப்ரியா காலையில் வந்தாள். "அக்காவ அவங்க வூட்டுக்காரரு தெனமும் திட்டுறாராம் மேடம். சொல்றவங்க பேச்ச கேட்டாதானன்னு. கம்பெனியிலயும் அதேதான் சொல்றாங்க. இந்த வயசுல இதெல்லாம் தேவையான்னு."

ட்ரெட்மில்லைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன். முதுகு போனது அவருக்கு, பழியும் அவருக்கு. அது நான் போட்ட பழி.

ஜூலை 3, வியாழன்

ஜிம் முதலாளி பாண்டியன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோவையும் காட்டினேன். முழுசாகப் பார்த்தார். பிறகு, "நடந்தது நடந்துபோச்சி. வெளிய சொல்லாத பிரபா, ஜிம்மு பேரு கெட்டுடும். வேற எதுனா உதவி பண்ணிக்கலாம்" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். 

ஜூலை 6, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன்.

அக்கா தரையில் பாயில் படுத்திருந்தார். மாரிமுத்து அண்ணன் நாற்காலி எடுத்துப் போட்டார். "உக்காருங்க மேடம். இவதான் ஒங்க பேச்ச கேக்காம இழுத்து வுட்டுக்கிட்டா."

உட்கார முடியவில்லை. போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டேன். 'முதுவு புடிக்குது பாப்பா' — அந்தச் சின்ன அறையில் அக்கா குரல் எவ்வளவு பெரிதாகக் கேட்டது. அப்புறம் என் குரல்.

கடைசிவரை பார்த்துவிட்டு அண்ணன் அக்கா பக்கம் திரும்பினார். "நீ ஏன் சொல்லல?"

"ஒங்கிட்ட மூணு தடவ சொன்னேன். நீ எங்க கேட்ட? ஜிம்முக்காரம்மா பொய் சொல்லுமான்ன."

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"மன்னிச்சிடுங்கக்கா."

அக்கா கூரையைப் பார்த்தபடியே சொன்னார். "வலி போயிடும் பாப்பா. பதினேழு நாளா என் வூட்டுலயே என்ன பொய்க்காரியா ஆக்கி வச்சிருந்த பாரு, அதான்."

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"இன்னிக்கு என்னால முடியாது. போயிட்டு வா."

ஜூலை 7, திங்கள்

ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி வாசலில் நின்று, கவிப்ரியாவோடு வந்த பெண்களிடமும் நடந்ததைச் சொன்னேன். ஒருத்தி முகத்துக்கு நேராகவே, "நல்லா இருக்குதும்மா ஒன் நியாயம்" என்றாள். சொல்லட்டும்.

சாயங்காலம் பாண்டியன் அண்ணன் போன். ஒரு மாதம் ஜிம் பக்கமே வராதே என்றார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

திரும்பச் சேர்ந்தேன். துடுப்பு மெஷினில் யார் உட்கார்ந்தாலும் அவர்கள் முதுகை மட்டும்தான் பார்க்கிறேன். காலையில் வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

அக்கா கம்பெனிக்குத் திரும்பிவிட்டாராம். உட்கார்ந்து பொம்மைக்கு வர்ணம் அடிக்கிற வேலை. போய்ப் பார்க்க ஆசை. எனக்காகத்தானே போவேன்? போகவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

சாயங்காலம் கம்மாபுரம் பஸ்ஸில் ஏறினால், மூன்றாவது சீட்டில் சின்னம்மாள் அக்கா. வேலை விட்டு வீட்டுக்குப் போகிறார் போல. பக்கத்தில் அவர் பை இருந்தது. நான் கம்பியைப் பிடித்து நின்றேன்.

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்தேன்.

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. பிறகு அவரே, "முட்டி திரும்பப் புடிச்சிக்கிச்சி. சக்கரையும் ஏறிப்போச்சி. டாக்டரக் கேட்டேன். மெதுவா ஆரம்பிக்கலாம்னுட்டாரு" என்றார்.

 தப்பாக எதையாவது சொல்லிவிடுவேனோ என்று பயம்.

"காலையில எத்தினி மணிக்குத் தொறக்குற?"

"அஞ்சரைக்குக்கா."

"எங்க வூட்டுக்காரரே வண்டியில கொண்டாந்து வுடுறேன்னாரு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.