ஊக்கு குத்தாத முட்டைகள்

ஆசை ஸ்டெல்லா அக்காவுக்கு,

உனக்கென்ன, நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொண்டாய். எனக்குத்தான் இடுப்பு விட்டுப்போச்சு. முப்பத்தொரு கூடை அக்கா! வைக்கோல் பரப்பி, கமர்கட்டும் பொரி உருண்டையும் போட்டு, மேலே ஒரு முந்திரிப்பழம் வைத்து, இன்று காலை உன் ஈஸ்டருக்குத் தெருப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். நீட்டிய காலை மடக்க முடியவில்லை.

“அவங்க சாமி, அவங்க பண்டிகை. உனக்கு இன்னாத்துக்குடி இந்த வேலை?” என்று என் வீட்டுக்காரர் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நியாயமாகப் பார்த்தால் உன்னையல்லவா அவர் கேட்க வேண்டும்?

நமக்குப் பேச்சு ஆரம்பித்ததே சண்டையில்தான், ஞாபகம் இருக்கிறதா? ஒரே பீங்கான் கம்பெனி என்றாலும் நீ அச்சு ஊற்றும் பக்கம், நான் பேக்கிங் பக்கம். முகம் தெரியும், அவ்வளவுதான். அந்த வருஷம் நீ ஈஸ்டருக்கு என்று தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் மூங்கில் கூடையில் மிட்டாயும் சாயம் பூசிய அவித்த முட்டையும் வைத்துக் கொடுத்துவிட்டாய். பங்குனி மாதம். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி, தெருவே கவிச்சியை விட்டிருந்த நேரம். என் மகன் முட்டையோடு வாசல் ஏறியதும் எனக்கு வந்ததே கோபம்! கூடையைப் பிடுங்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன்.

“காப்பு கட்டியிருக்கிற தெருவுல முட்டைய கொண்டாந்து குடுத்திருக்கியே, அறிவு இருக்குதா உனக்கு?”

எனக்கு முன்னால் நாலு பேர் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். நீ அந்தக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு சிரித்தாய். “வுடு தங்கச்சி. அடுத்த வருஷம் மாரியாத்தா கோவிச்சுக்காத முட்டையா கொண்டாரேன்.”

சொன்னபடி கொண்டுவந்தாய். மண் முட்டை. சூளையில் சுட்டு, கலர் பூசி, ஆட்டினால் கிலுகிலு என்று சத்தம் போடுகிற முட்டை. அதற்குப் பிறகு ஒரு கூடையும் திரும்பி வரவில்லை. வருஷா வருஷம் நானும் உன்னோடு உட்கார்ந்து கூடை கட்ட ஆரம்பித்தேன்.

போன ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து உன் மகள் ரோஸி அழுது நான் பார்க்கவில்லை அக்கா. அம்மா என்ற பேச்சே எடுப்பதில்லை. ஸ்கூல் விட்டதும் எங்கள் வீட்டுக்கு வருவாள், கொடுத்ததைத் தின்பாள், அவள் அப்பா, அதுதான் நம்ம மாமா, ரயில்வே வேலை முடிந்து வந்து கூட்டிக்கொண்டு போவார். எட்டு வயதுப் பிள்ளை அப்படி வாய் மூடி இருக்கலாமா?

மாசிக் கடைசியில் ஒருநாள் தானாகக் கேட்டாள். “சின்னம்மா, இந்த வருசம் கூடை கிடையாதா?”

என் வாய்தான் எனக்குச் சத்துரு. “ஏன் இல்லாம? உங்கம்மா முட்டையெல்லாம் முன்னாடியே செஞ்சு வெச்சுட்டுத்தான் போயிருக்குது” என்று சொல்லிவிட்டேன். அந்த முகத்தைப் பார்த்து வேறு என்ன சொல்வது? மறுநாளே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. “எங்கம்மா செஞ்சு வெச்சுட்டுப் போன முட்டை” என்று வீடு வீடாகச் சொல்லியிருக்கிறாள். இனி நான் எப்படிப் பின்வாங்குவது?

வேலை முடிந்த பிறகு உன் அச்சை வாங்கி, கரைத்த மண்ணை ஊற்றி, ஓடு பிடித்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துக் கொட்டினேன். நீ செய்யும்போது பார்த்த ஞாபகம்தான். கடலை அளவு மண் உருண்டையைக் காகிதத்தில் சுற்றி உள்ளே போட்டு, வாயை மண்ணால் அடைத்தேன். சூளையில் காகிதம் எரிந்துபோகும், உருண்டை தனியாக ஆடும், அதுதான் சத்தம் என்று நீ சொல்லியிருக்கிறாய். எல்லாம் சரியாகத்தான் செய்தேன் என்று நினைத்தேன்.

புதன்கிழமை சூளையைத் திறந்தால் ஒரு முட்டைகூட முழுசாக இல்லை. அத்தனையும் வெடித்துச் சில்லு சில்லாகக் கிடந்தது. சூளைக்காரர் கத்தினார்: “பேக்கிங் பாக்குற பொம்பளைக்கு இதெல்லாம் தேவையா? பக்கத்துல வெச்ச பொம்மையெல்லாம் அடிபட்டுப்போச்சு பாரு!” சில்லுகளை ஒரு தட்டில் வாரிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள். வேறு முட்டை ஊற்றிக் காய வைக்கவே அது போதாது. அந்தக் கோபத்தில் உன்னைத் திட்டினேன் அக்கா, பொய் சொல்ல மாட்டேன். இத்தனையையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனாயே என்று வாய்விட்டே திட்டினேன்.

தட்டை மறைப்பதற்குள் ரோஸி வந்துவிட்டாள். ஒரு சில்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஓட்டை போடலியா சின்னம்மா?”

“இன்னா ஓட்டை?”

“ஊக்கால குத்தணும். இல்லாட்டி உள்ள இருக்கிற காத்து போவ வழியில்லாம வெடிச்சுடும். அம்மா தாலியில கெடக்கிற ஊக்கால குத்துவாங்களே.”

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேனே, நீ எப்போது குத்தினாய்? நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?

இனி மறைத்துப் பயனில்லை. “உங்கம்மா செய்யலடி. நான்தான் செஞ்சேன். உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்” என்றேன்.

“எனக்குத் தெரியும். அம்மா பொங்கல் முடிஞ்சுதான முட்டை ஊத்துவாங்க.”

“தெரிஞ்சுமா தெருவெல்லாம் சொல்லிக்கினு வந்த?”

“அப்படிச் சொன்னா நல்லா இருந்துச்சு சின்னம்மா.”

தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அவள்தான் சில்லுகளுக்குள் கையை விட்டு அந்த மண் உருண்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். முட்டைதான் வெடித்ததே தவிர உருண்டைகள் நன்றாக வெந்து கல் மாதிரி இருந்தன. ஒன்றை எடுத்துக் காலித் தீப்பெட்டியில் போட்டு ஆட்டினாள். கிலுகிலு என்றது. அப்புறமென்ன, நாலு நாளும் டீக்கடை டீக்கடையாகக் காலித் தீப்பெட்டி கேட்டு அலைந்தேன். அவள் கலர் பேப்பர் ஒட்டினாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து என் தம்பி வைக்கோல் கொண்டுவந்தான். நான் பழக்கதோஷத்தில் பீங்கான் கட்டுகிற மாதிரி கூடையை இறுக்கிக் கட்டிவிட்டேன். “சின்னம்மா, இது இன்னா லாரியில போற சரக்கா? புள்ளைங்க எப்படி எடுக்கும்?” என்று முப்பத்தொன்றையும் பிரித்துத் தளர்த்தியவள் அவள்தான்.

காலையில் அவள் கோயிலுக்குப் போய்விட்டு வந்த பிறகு கூடைகளைக் கொடுத்தோம். தெரு முழுக்கத் தீப்பெட்டிச் சத்தம். ஒரு வாண்டு கேட்டே விட்டது: “ரோஸி, உங்கம்மா முட்டை எங்க?”

“எங்கம்மா செய்யல. சின்னம்மா செஞ்சுது. ஊக்கு குத்தாம வெடிச்சுப்போச்சு” என்று போட்டு உடைத்தாள். எனக்கு மானம் போய்விட்டது. ஆனாலும் சிரித்துவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு தன் தீப்பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டிக்கொண்டே இருந்தாள். சட்டென்று “அம்மா” என்றாள். பிறகு அழுதாள் அக்கா. ஐப்பசியிலிருந்து சேர்த்துவைத்த அழுகை. மடியில் போட்டுக்கொண்டு நானும் அழுதேன்.

அழுது ஓய்ந்து எழுந்தவள் ஸ்கூல் பையிலிருந்து பென்சில் டப்பாவைத் திறந்து ஒரு ஊக்கை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் உன் தாலியைக் கழற்றியபோது மாமாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டாளாம். இத்தனை மாதமும் யாருக்கும் காட்டவில்லை. “அடுத்த வருசம் இதால குத்து சின்னம்மா” என்று அவள் கையாலேயே என் தாலியில் மாட்டிவிட்டாள்.

இனிமேல் செய்ய முடியாது, இதுதான் கடைசி என்று உனக்கு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இப்போது அதை எப்படி எழுதுவது? இடுப்பு வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் அடுத்த பங்குனியில் நான் முட்டை ஊற்றுவேன் அக்கா. ஒன்று விடாமல் உன் மகள் குத்துவாள். அதுவரைக்கும் உன் ஊக்கு என் கழுத்தில் பத்திரமாக இருக்கும்.

உன்னிடம் முட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்து உனக்கே தங்கச்சியாகிப்போன,
செல்வி